மூன்று வெள்ளை, மூன்று சிவப்பு

4/6 என்று எழுதி அப்படியே விட்டுவிட்டால் ஸ்ரீலட்சுமி அரை மார்க் குறைப்பாள். அதைச் சுருக்கி 2/3 என்று எழுதினால்தான் முழு மார்க். சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அவள் நடத்தும் டியூஷனுக்கு வருகிற பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் வாரத்துக்கு ஒருவராவது மறந்துபோவார்கள். அந்தப் புதன்கிழமை மறந்தவள், மலையாளம் கலந்து பேசுகிற ஜினி.

"டீச்சர், இது ரெண்டும் சேம் அல்லே? பின்னே எதுக்கு அரை மார்க் கட் செய்தீங்க?"

"சேம்தான். நீ பாதி வழியில நின்னுட்டே, அதுக்குத்தான்."

ஜினி விடவில்லை. பேப்பரைத் தூக்கிக் காட்டினாள். "பெட்டியில ஆறு பாசிமணி உண்டு, நாலு வெள்ளை. 4/6ன்னு எழுதினா அது அப்படியே தெரியும். 2/3ன்னு எழுதினா மொத்தமே மூணு மணிதான்னு யாராவது நினைக்கும் டீச்சர்."

"யாரும் நினைக்க மாட்டாங்க. சுருக்கு."

வகுப்பு சிரித்தது. ஜினி வேண்டாவெறுப்பாக இரண்டால் வகுத்தாள். அந்தப் பெண் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று ஸ்ரீலட்சுமிக்குத் தோன்றியதுதான். ஆனாலும் அரை மார்க்கைத் திருப்பித் தரவில்லை.

அன்றைக்கு அவள் மனதில் வேறொரு பின்னம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் அவளுக்குப் பூக்கட்டிப் பார்க்கப் போகிறார்கள். ஆறு பொட்டலம், மூன்றில் வெள்ளைப் பூ, மூன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் ராகேஷைக் கட்டிக்கொள்ளலாம். சிவப்பு வந்தால் அவன் பேச்சையே அதற்குப் பிறகு எடுப்பதில்லை என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவளுக்கு வயது இருபத்தொன்பது. கொடுத்த வாக்கை மீறிப் பழக்கமில்லை; அது ஒரு வசதிக்குறைவுதான்.

ராகேஷுக்குத் தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனில் ரிசர்வேஷன் கவுண்டரில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் டியூஷன் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரை மதுரைக்கு அழைத்துப் போக டிக்கெட் எடுக்கப் போனபோதுதான் ஸ்ரீலட்சுமி அவனை முதலில் பார்த்தாள். இருபத்தெட்டு பேருக்கு இடம் கிடைத்தது, பதினாலு பேர் வெயிட்டிங் லிஸ்ட். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் தன்னையறியாமல், "மூணுல ரெண்டு" என்று முணுமுணுத்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன மேடம், ரெண்டு பேர் போனா போதுமா?" என்று கேட்டான். அந்தப் பதினாலு பேருக்கும் கிடைக்குமா என்று அவள் கேட்டதற்கு, "சான்ஸ் உண்டு" என்று மட்டும் சொன்னான். எவ்வளவு சான்ஸ் என்று கேட்டாள். அதை யாரும் இதுவரை கேட்டதில்லை என்றான். பதினாலு பேருக்கும் கிடைத்தது. அவள் நன்றி சொல்லப் போனாள். பிறகு நன்றி சொல்ல ஒன்றும் இல்லாமலே போனாள்.

ராகேஷுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் நடந்து, எட்டு மாதத்தில் முறிந்து, கோர்ட்டில் முடிந்திருந்தது. ஸ்ரீலட்சுமியின் அப்பா கோலப்பனுக்கு அதுதான் தடை. அதே சாலைக் கடைத்தெருவில் அரிசியும் பருப்பும் மொத்த வியாபாரம் செய்கிற கோலப்பன், நாகர்கோவிலில் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்தில் யாரோ கேட்டபோது, பந்தி முழுவதும் கேட்கிற மாதிரி, "ஒரு தடவை பிரிஞ்ச சாக்கில நான் சரக்குப் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சொல்லி மூன்று மாதம் ஆகிவிட்டது. அதன் பிறகு ராகேஷ் இரண்டு முறை கடைக்கு வந்து பேசினான். இரண்டாவது முறை கோலப்பன் அவனுக்குச் சாயா வரவழைத்தார். ஆனால் அண்ணன் முன்னால், பந்தி முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க வழி தெரியாமல் இருந்தார். பூக்கட்டிப் பார்க்கலாம் என்று ஒருநாள் அவராகவே சொன்னார்.

"பிள்ளையார் சொன்னா, பிறகு எங்க அண்ணனும் வாய் தொறக்கமாட்டான்" என்றார்.

ராகேஷிடம் போனில் சொன்னபோது அவன் முதலில் கேட்டது கணக்கைத்தான்.

"பாதிக்குப் பாதியா?"

"3/6. சுருக்கினா 1/2."

"வெயிட்டிங் லிஸ்ட்ல இதைவிட மோசமா இருந்தவங்க எல்லாம் பெர்த்தில ஏறிப் படுத்து உறங்கியிருக்காங்க."

"ஏறாம பிளாட்ஃபாரத்தில நின்னவங்க?"

"அவங்க எங்கிட்ட வந்து சொல்லமாட்டாங்க. கேன்சல் ஆயிரும்" என்றான். அதற்கு மேல் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மணக்காட்டு வீட்டின் சமையலறையில் அம்மா சரஸ்வதியம்மாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"லெட்சுமி, ஆறுல மூணுன்னா பாதி. ஆறுல நாலுன்னா?"

"மூணுல ரெண்டு. என்னத்துக்கும்மா?"

"சும்மா கேட்டேன். நீதான் ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கே, எனக்குச் சொன்னா குறைஞ்சா போவே? அஞ்சுன்னா?"

"5/6. அதுக்கு மேல சுருங்காது."

"அது நல்லதா கெட்டதா?"

"நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. அஞ்சையும் ஆறையும் சேந்து வகுக்க ஒண்ணைத் தவிர ஒரு நம்பரும் இல்ல. அவ்வளவுதான்."

சரஸ்வதியம்மாள் சிரட்டையைத் திருப்பிப் பிடித்துத் துருவினாள். "ஆறுமே வெள்ளைன்னா?"

"அப்பம் ஒண்ணு. நிச்சயம். பிறகு பிள்ளையார் என்னத்துக்கு?"

"அதான் நானும் நினைச்சேன்" என்றாள் அம்மா. "அவருக்கும் கொஞ்சம் விட்டு வைக்கணும்லா."

ஸ்ரீலட்சுமி அம்மாவின் முதுகைப் பார்த்தாள். அம்மா அடுத்த மூடியை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு கோலப்பன் பூவோடு வந்தார். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குத் தெச்சி. பொட்டலத்தைக் கட்டுகிறபோது யாரும் கூட இருக்கக் கூடாது என்பது அவர் குடும்பத்து முறை. இரண்டே பொட்டலம் வைக்கும் வழக்கமும் அவர்களிடம் கிடையாது. இரண்டென்றால் தொட்டாலே தெரிந்துவிடும், ஆறு வேண்டும். எடுக்கிறவரும் குடும்பத்து ஆளாக இருக்கக் கூடாது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு முதலில் திரும்புகிற ஆள் யாரோ, அவர்தான் எடுக்க வேண்டும். இதையெல்லாம் அவர் இரண்டு தடவை சொன்னார், யாரும் மறுக்கவில்லை. பிறகு பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கால் மணி நேரத்தில் ஒரு தாம்பாளத்தைக் காட்டினார். வாழை இலைத் துண்டில் மடித்து, வாழைநாரால் இறுக்கிய ஆறு பொட்டலங்கள். எல்லாவற்றிலும் அரிசிச் சாக்கு கட்டுகிற அதே முடிச்சு. நாற்பது வருடமாக அவர் கைக்கு வேறு முடிச்சு வராது.

"மூணு வெள்ளை, மூணு செவப்பு" என்றார். "இனி நாளைக்குக் காலையில தொட்டா போதும்."

காலையில் அவர் குளிக்கப் போனபோது ஸ்ரீலட்சுமி பூஜை அறைக்குள் போனாள். பார்க்க மட்டும்தான் போனாள், அதை அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆறு பொட்டலத்தில் ஒன்றின் முடிச்சு வேறாக இருந்தது. சாக்கு முடிச்சு இல்லை, பூத்தொடுக்கிற முடிச்சு. சுருக்குப் போட்டு ஒரே இழுப்பில் இறுக்குவது. அந்த வீட்டில் அது ஒருவருக்குத்தான் வரும். சமையலறையிலிருந்து தாளிக்கிற சத்தம் கேட்டது.

அம்மா ஒன்றை மாற்றியிருக்கிறாள். அப்படியானால் இப்போது நான்கு வெள்ளை, இரண்டு சிவப்பு. 4/6. சுருக்கினால் 2/3. மூன்றில் இரண்டு என்றதும் அவளுக்கு ரிசர்வேஷன் கவுண்டரின் கண்ணாடி ஞாபகம் வந்தது. மூன்றில் ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த மூன்றில் ஒன்றைப் பற்றி அவள் கொஞ்சம் அதிகமாகவே நினைத்துவிட்டாள்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் இன்னும் நிற்கவில்லை. அப்பாவின் முடிச்சு உள்ள ஐந்தில் ஒன்றைப் பிரித்தாள். வெள்ளை. மறுபடியும் கட்டினாள். சாக்கு முடிச்சு வரவில்லை. ஷூ லேஸ் மாதிரி ஒரு முடிச்சுத்தான் வந்தது. அடுத்ததைப் பிரித்தாள். தெச்சி. அதை எடுத்துவிட்டு, படத்துக்குச் சாத்தியிருந்த மாலையிலிருந்து இரண்டு நந்தியாவட்டையை வைத்துக் கட்டினாள். தெச்சியைச் சுடிதார்த் துப்பட்டாவின் முனையில் முடிந்துகொண்டாள். இன்னும் மூன்று பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. அதில் ஒன்று சிவப்பு. அதையும் தேடி மாற்றிவிட நேரம் இருந்தது. கை போகவில்லை. அம்மாவும் ஒன்றோடு நிறுத்தியிருக்கிறாள். அப்பாவை ஏமாற்றுவதில் ஒன்று வரைக்கும் ஏதோ மரியாதை இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. காரணம் சொல்லச் சொன்னால் சொல்லியிருக்க முடியாது.

5/6. அதற்கு மேல் சுருங்காது.

ஏழரை மணிக்குப் பழவங்காடியில் கூட்டம் இருந்தது. தேங்காய் உடைக்கிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. கோலப்பன் சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தாம்பாளத்தைப் பிடித்தபடி ஓரமாக நின்றார். பொட்டலங்களின் மேல் சரஸ்வதியம்மாள் வீட்டிலேயே ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தாள். அவர் கண் துண்டின் மேலேயே இருந்தது, கழுத்தில் வியர்வை. தேங்காய் உடைத்துவிட்டு முதலில் திரும்பியது யூனிஃபாரம் போட்ட ஒரு பஸ் கண்டக்டர். நாற்பது வயது இருக்கும். சட்டையில் ஷைலஜா என்று பேட்ஜ் குத்தியிருந்தது. தோளில் டிக்கெட் பை, கையில் ஈரம்.

"சேச்சி, ஒரு உதவி" என்றார் கோலப்பன். "இதில ஒண்ணு எடுத்துத் தரணும்."

"எந்தா சேட்டா, லாட்டரியா?"

"இல்ல இல்ல. எங்க பிள்ளைக்குக் கல்யாணக் காரியம்."

கண்டக்டர் ஸ்ரீலட்சுமியை மேலும் கீழும் பார்த்தாள். "மோளுக்கு இஷ்டமுள்ள பையனா?"

கோலப்பன் துண்டை இழுத்துச் சரிசெய்தார். சரஸ்வதியம்மாள், "ஆமா" என்றாள். கோலப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கோபுரத்தைப் பார்த்தாள்.

"எட்டு மணிக்கு வண்டி எடுக்கணும், கேட்டோ. வேகம் காட்டுங்க" என்று சொல்லி, கையைப் புடவையில் துடைப்பதுபோல் யூனிஃபாரத்தில் துடைத்துக்கொண்டு, துண்டுக்குள் கைவிட்டாள் ஷைலஜா. உள்ளே கை ஒரு சுற்றுச் சுற்றியது. "இது எல்லாம் ஒருபோலத்தான் உண்டு" என்றாள். பிறகு ஒன்றை வெளியே எடுத்தாள்.

ஸ்ரீலட்சுமி முடிச்சைப் பார்த்தாள். சாக்கு முடிச்சு.

அம்மாவினுடையது இல்லை, அவளுடையது இரண்டும் இல்லை. அப்பாவின் முடிச்சு உள்ள மூன்றில் ஒன்று. அந்த மூன்றில்தான் ஒரு சிவப்பு இருக்கிறது. கணக்கு இப்போது மாறிவிட்டது. பயம் ஆறில் ஒன்றாக இருந்தது. மூன்றில் ஒன்றாக ஆகிவிட்டது. இதை வகுப்பில் அவள் எத்தனையோ முறை நிதானமாக விளக்கியிருக்கிறாள். அப்போதெல்லாம் காது இப்படி அடைத்துக்கொண்டதில்லை.

"நீயே பிரி மக்ளே" என்றார் கோலப்பன்.

அந்த முடிச்சை அவிழ்க்க அவளால் முடியவில்லை. கடைசியில் கண்டக்டரே வாங்கி, டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் நாரை அறுத்தாள். இலை விரிந்தது. நந்தியாவட்டை.

"வெளுப்பு" என்றாள் ஷைலஜா. "நல்லதா?"

"நல்லது" என்றார் கோலப்பன். மறுபடியும், "நல்லது" என்றார். கண்டக்டர் ஸ்ரீலட்சுமியின் கன்னத்தைத் தட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். சரஸ்வதியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கோலப்பன் நாகர்கோவிலுக்குப் போன் போட்டு, "பிள்ளையாரே சொல்லியாச்சு, இனி நான் என்ன செய்ய?" என்று அண்ணனிடம் சலித்துக்கொண்டார். பேசி முடித்ததும் மிச்சம் ஐந்து பொட்டலத்தையும் துண்டோடு சுருட்டி மகளிடம் தந்தார்.

"இதைப் பிரிக்கப்படாது, கேட்டியா? சாயங்காலம் கரமனை ஆத்துல விட்டிரு. பிரிச்சா பலிக்காது."

இப்படி ஒரு முறை இருப்பதாக அவர் நேற்றுச் சொல்லவில்லை. ஸ்ரீலட்சுமி தலையாட்டிவிட்டு, பொட்டலங்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தம்பானூருக்கு நடந்தாள்.

பத்தரை மணிக்கு ராகேஷ் சாயா குடிக்க வெளியே வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான். ஆனாலும், "ஸ்டேட்டஸ் என்ன?" என்று கேட்டான்.

"கன்ஃபர்ம்."

அவன் ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா செய்ததையும், தான் செய்ததையும், எடுத்த பொட்டலத்தில் அப்பாவின் முடிச்சு இருந்ததையும் சொன்னாள். கைப்பையிலிருந்து துண்டைப் பிரித்தாள்.

"இதில ரெண்டுல அப்பா முடிச்சு. ஒண்ணு செவப்பு. நாம எதிலேருந்து தப்பிச்சோம்னு பாக்கணும்."

"பிரிச்சா பலிக்காதுன்னு சொன்னார்லா?"

"நேத்து வரைக்கும் அப்படி ஒரு முறையே கிடையாது."

ராகேஷ் சாவியால் நாரைக் கிழித்தான். முதல் பொட்டலம் வெள்ளை.

"அப்பம் மத்தது செவப்பு" என்றாள் அவள்.

இரண்டாவதும் வெள்ளை.

ராகேஷ் அவளைப் பார்த்தான். அவள் அம்மாவின் பொட்டலத்தைப் பிரித்தாள், பிறகு தன்னுடைய இரண்டையும். எல்லாம் வெள்ளை. பெஞ்சில் ஐந்து இலைகள் விரிந்து கிடந்தன. ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எனக்குப் புரியல" என்றான் ராகேஷ். "மூணு மூணுன்னுதானே வச்சார்?"

அவள் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு ரிசர்வேஷன் ஃபாரத்தை உருவினாள். பின்பக்கம் எழுதினாள். முதலில் 6/6. எல்லாமே வெள்ளை. அதில் அவள் மாற்றியது ஒன்று. அப்படியானால் அதற்கு முன்னால் 5/6. அம்மா மாற்றியது ஒன்று. அதற்கு முன்னால் 4/6. அந்த இடத்தில் பேனா நின்றது. மாற்றுவதற்கு அதற்கு முன்னால் யாரும் இல்லை. கட்டின ஆள் மட்டும்தான் உண்டு.

"அப்பா கட்டும்போதே நாலு வெள்ளை" என்றாள்.

ராகேஷ் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். "அப்படின்னா ஆறையும் வெள்ளையா வச்சிருக்கலாமே? யார் பாக்கப் போறா?"

"அவருக்கும் ஒண்ணுக்கு மேல கை போயிருக்காது. எங்க ரெண்டு பேருக்கும் போகல."

"ஆக மொத்தம் நம்ம டிக்கெட் சார்ட் போடும் முன்னையே கன்ஃபர்ம். தெரியாம நான் ரெண்டு நாளா சோறு தின்னல." அவன் பேனாவை வாங்கி, 6/6க்குப் பக்கத்தில் சமக்குறி போட்டான். "டீச்சர் விட்டுட்டாங்க. சுருக்கணும்லா? அரை மார்க் போயிரும்."

அவன் ஒன்று என்று எழுதுவதற்குள் ஸ்ரீலட்சுமி காகிதத்தை இழுத்துக்கொண்டாள்.

"இது இப்படியே இருக்கட்டும்."

"ஏன்?"

"ஒண்ணுன்னு எழுதினா யாரு யாரு என்ன போட்டாங்கன்னு தெரியாது." காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். "ஜினிக்கு அரை மார்க் குடுக்கணும்" என்றாள். ஜினி யார் என்று அவனுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. சாயா ஆறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் டியூஷன் முடிந்து, கரமனை ஆற்றில் பூவை விட்டுவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது, கோலப்பன் கடையிலிருந்து சீக்கிரமே வந்து சாய்வு நாற்காலியில் இருந்தார். ராகேஷின் அம்மாவை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியாச்சு என்றார். எந்தப் பாயசம் வைப்பது என்று சரஸ்வதியம்மாள் உள்ளேயிருந்து கேட்டாள். அடைப் பிரதமன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொட்டலம் என்ன செய்தே?"

"ஆத்துல விட்டாச்சுப்பா."

"பிரிச்சுப் பாக்கலயே?"

"என்னத்துக்குப் பிரிக்க? மூணு வெள்ளை, மூணு செவப்புன்னு நீங்கதான் சொன்னீங்களே."

கோலப்பன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் துப்பட்டாவின் முனையில் இருந்த முடிச்சு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அதன் ஓரத்தில் லேசாகச் சிவப்பு ஊறியிருந்தது. அவர் கண் அங்கே போயிற்று, உடனே திரும்பிவிட்டது.

"பின்ன?" என்றார். "பாதிக்குப் பாதிதான்."

"ஆமாப்பா" என்றாள் ஸ்ரீலட்சுமி. "பாதிக்குப் பாதி."

சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. சரஸ்வதியம்மாள் அங்கேயிருந்தே, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள்.